தண்ணியக்காவின் புதுக் குளியலறை

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் எல்லாரும் அவளைத் தண்ணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தண்ணீரைப் பரிசோதிக்கிற ஆய்வகத்தில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. குழாயோ கிணறோ ஏரியோ, ஒரு பாட்டில் பிடித்துக் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இதில் மாட்டிக்கொண்டவர் அவள் கணவர். தையல்கடை வைத்திருக்கும் அந்த மனிதருக்குத் 'தண்ணி வீட்டுக்காரர்' என்று பெயர் விழுந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. ஆனாலும் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் ஒரு மாதம் அவரைக் கண்டால் ஒதுங்கித்தான் நடப்பார்கள்.

அந்த வருடம் அவர்கள் வீட்டுக் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். வெளிர்நீல ஓடு, வழுக்காத தரை, வெந்நீர் உடனே வரும் குழாய். தையல்காரர் காலையில் உள்ளே போனால் இரண்டு பாட்டு முடியாமல் வெளியே வரமாட்டார். ஆய்வகத்திலும் அவள் குளியலறைப் பெருமையை எல்லாரும் ஒரு முறையாவது கேட்டிருந்தார்கள்.

வேலை முடிந்து ஒரு வாரம் போயிருக்கும். ஏரி கெட்டுப்போனது.

ஊருக்கு நடுவே இருக்கும் அந்த ஏரியில் கிழக்குப் படித்துறைதான் ஜனங்கள் குளிக்கும் இடம். செவ்வாய்தோறும் காலையில் தண்ணியக்கா அங்கே இறங்குவாள். கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டிலை முழங்கை ஆழத்தில் அமிழ்த்தித் திறந்து, நிரம்பியதும் மூடி, ஐஸ் பெட்டியில் வைப்பாள். ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரை மெல்லிய சவ்வுத் தாளில் வடிகட்டி, தாளை ஒரு சின்னத் தட்டில் வைத்துச் சூட்டுப் பெட்டிக்குள் தள்ளிவிட்டால், மனிதக் கழிவிலிருந்து வந்த கிருமி ஒவ்வொன்றும் மறுநாளைக்குள் ஒரு நீலப் புள்ளியாக வளர்ந்து நிற்கும். அவற்றை எண்ண வேண்டியதுதான் பாக்கி. நூறு மில்லியில் ஐந்நூறு வரை இருந்தால் குளிக்கலாம். அந்தப் புதன்கிழமை கணக்கு நாலாயிரத்தைத் தாண்டியது. சந்தேகத்துக்கு மறுபடி எண்ணிப் பார்த்தாள். நாலாயிரத்து இருநூறு.

அன்றைக்கே படித்துறையில் 'குளிக்கக் கூடாது' என்று பலகை நட்டார்கள். ஆய்வகத் தலைவி அவளைக் கூப்பிட்டார்.

"மழை பெஞ்சு நாப்பது நாளாச்சு. ஆனா படித்துறைப் பக்கம் வர்ற மழைத்தண்ணிக் குழாயில தண்ணி ஓடிட்டே இருக்கு. எங்கிருந்து வருதுன்னு பாருங்க."

வேன் டிரைவரைக் கூட்டிக்கொண்டு தண்ணியக்கா கிளம்பினாள். ஏரியில் விழும் இடத்திலிருந்து குழாயின் போக்கிலேயே மேலே போக வேண்டும். தெருவில் ஒவ்வொரு இரும்பு மூடியாகத் தூக்கி, குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இரண்டு கிளையிலும் தண்ணீர் எடுத்து, மறுநாள் புள்ளிகளை எண்ணி, அதிகம் உள்ள கிளையில் மேலே நடக்க வேண்டும். சந்தை மேலிருந்த சந்தேகம் போனது, பள்ளிக்கூடம் போனது, ஆஸ்பத்திரி போனது. டிரைவர் சத்தியம் செய்யாத குறையாகச் சந்தேகப்பட்ட ஓட்டலும் போனது.

"எவனோ ஒருத்தன் கக்கூஸ் குழாயக் கொண்டுவந்து இதுல சொருகி வெச்சிருக்கான். ஆள் மட்டும் கையில கெடைக்கட்டும்" என்று வழியெல்லாம் பொரிந்துகொண்டே வந்தாள்.

ஒன்பதாம் நாள் புள்ளிகள் காட்டிய பக்கம் வேன் திரும்பியது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"அக்கா, இது உங்க தெருவாச்சே?"

"தெரியுது. பேசாம ஓட்டுங்க."

அவள் கட்டடத்தைத் தாண்டி மேல்பக்கம் இருந்த மூடிக்குள் குழாய் காய்ந்து கிடந்தது. கீழ்ப்பக்கம் இருந்த மூடிக்குள் தண்ணீர் சலசலவென்று ஓடியது. நடுவில் அந்தக் கட்டடத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. மொத்தம் ஆறு வீடு, அவள் வீட்டோடு சேர்த்து இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. இனி சாயத்தை ஊற்றித்தான் பார்க்க வேண்டும். உடம்புக்குக் கெடுதல் இல்லாத பச்சைப் பொடி. கழிப்பறையில் கரைத்துவிட்டால் தண்ணீர் போகும் வழியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

"முதல்ல எங்க வீட்ல ஊத்திடறேன். நாளைக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது பாருங்க" என்றாள். தன் வீட்டுக் குழாயெல்லாம் புத்தம் புதியது என்ற தைரியம்.

மேலே போய் வெளிர்நீல ஓட்டின் மேல் நின்றுகொண்டு பொடியைக் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கீழே மூடியருகே குந்தியிருந்த டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா... கிளிப்பச்சையா வருது அக்கா."

"நல்லாப் பாருங்க."

"இதுக்கு மேல என்னத்தப் பாக்குறது. பளபளன்னு வருது."

அவள் கழிப்பறை மூடியைச் சாத்தி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது நாளாகத் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. டிரைவர் மாடி ஏறி வந்து வாசலில் தயங்கி நின்றார்.

"கட்டடத்தோட இடப்பக்கம்னு மட்டும் எழுதிக்கலாமே அக்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். போதாதா?"

அறிக்கையில் 'மாசு வரும் இடம்' என்ற கட்டத்தில் தன் வீட்டுக் கதவு எண்ணை எழுதினாள். தலைவி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். முகம் சுண்டி நின்ற தண்ணியக்காவுக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

விஷயம் இதுதான். குளியலறை வேலை நடந்தபோது, இடப்பக்க வீடுகள் மூன்றுக்கும் பொதுவாக மேலிருந்து கீழே இறங்கும் பழைய கழிவுக் குழாய் வெடித்திருப்பதைப் பார்த்த பிளம்பர், அதை மாற்றியிருந்தார். அடியில் இணைக்கும்போது பக்கத்தில் கண்ணில் பட்ட குழாயில் விட்டுவிட்டார். அது மழைத்தண்ணிக் குழாய்.

சாயங்காலம் கட்டடத்துச் செக்ரட்டரி படிக்கட்டில் எல்லாரையும் கூட்டினார். வாய்ச்சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"நம்ம கட்டடத்துலேர்ந்து ஏரிக்கா? யார் சொன்னது?"

"நான்தான் சார். எங்க வீட்டுலதான் ஆரம்பம். நான் வெச்ச வேலையாலதான் மூணு வீட்டுக் கழிவும் ஏரிக்குப் போயிருக்கு. மன்னிச்சிடுங்க."

செக்ரட்டரி குரலை இறக்கினார். "சரி, இப்ப என்ன பண்ணணும்?" என்றார்.

சரிசெய்யும் வரை இரண்டு நாள் இடப்பக்கத்து ஆட்கள் தங்கள் குளியலறையையும் கழிப்பறையையும் தொடக் கூடாது. வலப்பக்க வீடுகள்தான் கதி. எதிர்வீட்டு நர்ஸ், "கதவு திறந்தே இருக்கும், தட்ட வேணாம்" என்றாள். காலை ஆறு மணிக்கே அவள் வீட்டு வாசலில் துண்டும் சோப்புமாக வரிசை நின்றது. நாலு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத செக்ரட்டரியும் மேல்மாடி வாத்தியாரும் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பது? வாத்தியார், "முதல்ல நீங்க போங்க, அவசரம் மாதிரி தெரியுது" என்றார். செக்ரட்டரி சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து தையல்காரரின் பாட்டு கேட்டது. வரிசை மொத்தமும், "தண்ணி வீட்டுக்காரரே, ஒரு பாட்டோட நிறுத்துங்க!" என்று கத்தியது.

சனிக்கிழமை பிளம்பர் வந்தார். தண்ணியக்காவை நேராகப் பார்க்காமல், "பக்கத்துலயே ஒரு குழாய் இருந்துச்சும்மா. நல்லதாப் போச்சுன்னு விட்டேன்" என்றார்.

"நானும் எட்டிப் பாக்கல. ஓடு எந்தக் கலர்னுதான் பாத்துட்டு இருந்தேன். இந்தத் தடவை மண்ண மூடறதுக்கு முன்னாடி சாயம் ஊத்திப் பாத்துடலாம்."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. மறுபடி ஊற்றினார்கள். இந்த முறை பச்சைத் தண்ணீர் ஒழுங்காகச் சாக்கடைக் குழாயில் போனது. மழைத்தண்ணிக் குழாயில் டிரைவர் தலையை விட்டுப் பார்த்து, "ஈரம் கூட வரல அக்கா!" என்று கூவினார். மாடியில் நின்ற யாரோ கை தட்டினார்கள்.

ஏரி ஒரே நாளில் தெளிந்துவிடவில்லை. அடுத்த செவ்வாய் எடுத்த தண்ணீரில் ஆயிரத்து முந்நூறு. அதற்கடுத்த வாரம் அறுநூறு. பலகையை எடுக்கச் சொல்லிப் படித்துறையில் குளிக்கிறவர்கள் ஆய்வகத்துக்கு நடையாய் நடந்தார்கள். கணக்கு இறங்கட்டும் என்று தண்ணியக்கா ஒரே பேச்சாகச் சொல்லி அனுப்பினாள்.

மூன்றாவது வாரம் பத்து மில்லியை வடிகட்டி வைத்த தட்டை வெளியே எடுத்தாள். விளக்கடியில் வைத்து எண்ணினாள். டிரைவர் வேனை நிறுத்திவிட்டு மேலே ஓடி வந்தார்.

"எத்தன அக்கா?"

"பதினெட்டு. அப்படின்னா நூறு மில்லிக்கு நூத்தியெம்பது. பலகைய எடுத்துடலாம்."

அவரும் பூதக்கண்ணாடியை வாங்கி, உதடு அசைய எண்ணினார். "பதினேழுதான். இந்த ஓரத்துல இருக்கறது தூசி."

"தூசி எங்காவது இவ்வளவு நீலமா இருக்குமா? பதினெட்டு."

"பதினேழுன்னு எழுதுங்க அக்கா, ஏரிக்கும் கொஞ்சம் சந்தோஷமா இருக்கும்."

அவள் பதினெட்டு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு இருவரும் அந்த ஒரு புள்ளிக்காகச் சண்டை போட்டுக்கொண்டே டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள்.