ஸ்மோக் ஹவுஸில் வைத்த ரயில்

காளிதாஸ் பிஸ்கட் டின்னைத் திறந்தான். உள்ளே அவன் மனைவி விஜயகலாவின் பிளாஸ்டிக் விளையாட்டு ரயில் முதுகு வளைந்து கிடந்தது. இன்ஜினின் கூரை குழிந்திருந்தது. பெட்டிகளின் ஜன்னல்கள் உருகி மூடிக்கொண்டிருந்தன. ஒரு சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தான். அது அசைவேனா என்றது.

விஜயகலா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ரம்புக்கனையில் ரயில் பாதையோரமாகவே வளர்ந்தவள். கல்யாணமாகிப் புளத்கொகுபிட்டியப் பக்கத்து றப்பர் தோட்டத்துக்கு வந்த புதிதில், "என்னங்க இது, ராத்திரியானா ஒரு சத்தமும் இல்ல, தூக்கமே வரல" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவள். குவைத்தில் பழைய சாமான் சந்தையில் குட்டி இன்ஜின் ஒன்றைக் கண்டதும் விடுவாளா? வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு ஊருக்கு வருகிறவர்கள் கையில் ஒவ்வொரு பெட்டியாகக் கொடுத்தனுப்பினாள். "ரயில் முழுசா சேரட்டுங்க. தண்டவாளத்த நானே கொண்டாறேன். வாசல்ல போட்டு ஓட்டுவோம்" என்றாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் காளிதாஸ் நாளைக் கடத்தினான். கடைசிப் பெட்டி போன மாதம் வந்து சேர்ந்தது. இனி அவள் வர வேண்டியதுதான் பாக்கி.

அதுவரை ரயிலைக் காப்பாற்ற வேண்டுமே. வெயில் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, பொலித்தீனில் சுற்றினால் உள்ளே வேர்த்துவிடும் என்று போனில் அவள் பாடம் எடுத்தாள். லயக் காம்பரா என்கிற ஒற்றை அறை வீட்டில் இதற்கெல்லாம் எங்கே போவது? வெயில் காலத்தில் தகரக்கூரை அனலைக் கொட்டும். மழைக்காலத்தில் சுவரே வேர்க்கும். அலமாரியில் வைத்தான், பூஞ்சணம் பிடித்தது. அரிசிக்குள் புதைத்தான், வண்டு ஏறியது. செருப்புக் கடை றினாஸிடம் போய், சப்பாத்துப் பெட்டிகளுக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பைகளைக் கேட்டான். "என்ன அண்ணே, ரயிலுக்குச் சப்பாத்து போடப் போறீங்களா?" என்று சிரித்தாலும் றினாஸ் கை நிறைய அள்ளிக் கொடுத்தான். இந்த வருஷத்து மழைக்கு அதுவும் எடுபடவில்லை.

அப்போதுதான் அந்தப் பிரமாதமான யோசனை வந்தது. காளிதாஸுக்கு வேலை தோட்டத்து ஸ்மோக் ஹவுஸில், றப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கிற இடத்தில். மழையில் றப்பர் மரங்களில் பால் வெட்டு நின்றிருந்தது, ஷீட் இல்லை, அடுப்பில் பேருக்கு ஒரு கட்டை புகைந்துகொண்டிருந்தது. வெயில் எட்டிப் பார்க்காது, ஈரம் கிட்ட நெருங்காது. இதைவிட நல்ல இடம் உண்டா? டின்னைக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் வைத்தான். வேலைக்குப் போகும்போதெல்லாம் திறந்து பார்த்தான். ரயில் ஜம்மென்று இருந்தது. பிறகு மழை விட்டது. பால் வெட்டு தொடங்கியது, ஷீட்டுகள் வந்து குவிந்தன. முழு வேலை கிடைத்த சந்தோஷத்தில் காளிதாஸ் தன் கையாலேயே விறகை அடுக்கி நன்றாக எரியவிட்டான். டின் இருந்த நினைப்பே இல்லை.

ரயில் போனதுகூட அவனுக்குப் பெரிதில்லை. மறுபடி முதலிலிருந்து சேர்க்கிறேன், வேலைக்கு இன்னொரு எக்ரிமென்ட் போட்டு இங்கேயே இருக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டால்? அதுதான் அவனுக்குப் பயம். போன் உடைந்துவிட்டது என்று கொஞ்ச நாள் சமாளிக்கலாமா என்றுகூடப் பார்த்தான். அதற்குள் அவளே வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள்.

"ரயிலக் காட்டுங்க. பூஞ்சணம் போயிருச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. டின்னை போனுக்கு முன்னால் சாய்த்தான்.

"ஸ்மோக் ஹவுஸ்ல வச்சேன் கலா, ஈரம் படாதேன்னு. அடுப்பக் கூட்டுனப்ப மறந்துட்டேன்."

திரையில் அவள் முகம் உறைந்துபோன மாதிரி இருந்தது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தான். போகவில்லை.

"திட்டணும்னா திட்டிரு. திரும்ப வாங்கிச் சேக்குறேன்னு மட்டும் சொல்லிறாத. என்னால முடியல கலா. நீ வந்துரு."

இத்தனை காலத்தில் அவன் அவளிடம் இப்படிக் கேட்டதே இல்லை. சொன்ன பிறகு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் மெதுவாகக் கேட்டாள். "பொகை வாசம் அடிக்குதா அதுல?"

ஒரு பெட்டியை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனான். "அடிக்குது."

"நம்ம ஸ்மோக் ஹவுஸ் வாசமா?"

"ஆமா."

"தொடச்சிறாதீங்க. கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க."

வளைந்த பெட்டியை அவன் போனோடு ஒட்டிப் பிடித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட வந்தாள். கடைசியில் திரை முழுவதும் அவளுடைய மூக்கும் மூக்குத்தியும் மட்டுமே இருந்தன.