ஆறு கொம்பு

என் புருஷன் முத்தலிபுக்கு மிளகைக் கையில் அள்ளினாலே அதன் ஈரம் தெரியும். அந்த ஒரு கெட்டித்தனத்தை வைத்துக்கொண்டு உலகத்துச் சாமான் எல்லாம் தனக்கு அத்துப்படி என்று நினைப்பவர். ரூட்டர் வாங்கப் போனதும் அந்த நினைப்போடுதான்.

ரூட்டர் தேவைப்பட்டது அவருடைய தங்கை றஸ்மியாவுக்கு. மச்சியின் கணவர் மௌத்தாகி, எங்கள் வீட்டில் அவள் இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். எங்கள் வீடு ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் ரோட்டுக்குக் கீழே, மலை மடிப்புக்குள் இருக்கிறது. ஃபோன் எடுக்காது. பேச வேண்டுமென்றால் மேலே வளைவுக்கு ஏற வேண்டும். முன்பெல்லாம் மச்சி பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அங்கே போய்த்தான் கட்டாரில் இருக்கும் மகன் நப்லானோடு பேசுவாள். இத்தாவோடு அதுவும் நின்றது.

நப்லானுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்மார் சொல்லிவிட்டார்கள். ஆள் பிழைப்பான், பேச்சு இருக்காது. வாப்பாவின் ஜனாஸாவுக்கே வர முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை. நான் வளைவுக்குப் போன ஒரு நாள், அவன் எழுதி அனுப்பியது வந்து விழுந்தது. "ஒப்பரேசனுக்கு முந்தின நாள் மஃரிபுக்குப் பொறகு எடுக்கிறேன் மாமி. உம்மாவோட வாயாரப் பேசணும். அதுவரைக்கும் தொண்டைய அலட்டாம வச்சிருக்கேன்."

வீட்டுக்கு வந்து மச்சிக்கு வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு வேற ஒன்டும் வேணாம் மதினி. அவன் உம்மான்னு கூப்புடுற சத்தத்த ஒருக்காக் கேட்டாப் போதும்" என்றாள்.

மாத்தளை டவுனில் ஹுஸ்னியின் கடைக்கு நானும் கூடப் போனேன். வீடு எங்கே, டவர் எந்தப் பக்கம் என்று ஹுஸ்னி விசாரித்துவிட்டு, ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்து வைத்தான். கூடவே நீள வயரில் ஒரு ஏரியல்.

"நானா, உங்க இடத்துக்கு இதுதான் சரி. பள்ளத்தாக்குப் பக்கம் ஜன்னலுக்கு வெளிய ஏரியலப் பூட்டணும். எங்க துஷாந்த் வந்து செஞ்சு தருவார்."

என் புருஷனின் கண்ணோ மேல் தட்டில் இருந்த கறுப்புப் பெட்டியில். அதற்கு ஆறு கொம்பு.

"அது வீட்டுக்குள்ள நல்லாப் பரப்பும்" என்றான் ஹுஸ்னி. "ஆனா வெளியில இருந்து வந்தாத்தானே உள்ளுக்குப் பரப்ப."

பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பது மச்சியின் அறை ஜன்னல். அது நினைவுக்கு வந்ததும் இவர் முகம் மாறிவிட்டது.

"இத்தா இருக்கிற அறைக்கு அந்நிய ஆம்புள வந்து வயர் இழுக்கிறதா? நானே பிளக்குல செருகுற மாதிரி ஒன்டத் தாங்க."

"மௌலவிக்கிட்ட ஒரு வார்த்த கேப்போமே. அந்த நேரம் மச்சி குசினியில இருந்தாப் போச்சு" என்றேன்.

"நீ எனக்கு மார்க்கம் படிச்சுத் தாறியா? பொம்புள புத்தி பின் புத்தி."

ஆறு கொம்பு அவர் மடியில் குந்திக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தது.

கெட்ட மனுஷன் இல்லை. தங்கையின் பேரில் ஊர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற பயம். வாய் திறந்து கேட்டால் என்ன குறைந்தா போய்விடும்? கேட்க மாட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலையில் விளக்கெல்லாம் பச்சை. ஃபோனில் குர்ஆன் கிராஅத் தடங்கல் இல்லாமல் ஓடியது. "எப்பிடி?" என்பதுபோல் என்னைப் பார்த்தார். சந்தோஷத்தில் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. பின்னேரமே மழை பிடித்து, மூடுபனி வாசல்வரை இறங்கிவிட்டது. பொழுது பட்டு, மஃரிப் தொழுத கையோடு மச்சி முன் ஹோலில் வந்து உட்கார்ந்தாள். என் ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தோம். மணி அடித்தது. நப்லானின் முகம் வந்தது, மெலிந்து, தாடியோடு. வாயைத் திறந்தான். அப்படியே நின்றுவிட்டான். நடுவில் வட்டம் சுற்றியது.

ரூட்டரில் சிவப்பு விளக்கு. இவர் கொம்புகளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதிரையில் ஏறி நின்றார். ஒரு கணம் படம் அசைந்தது. பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். சத்தம் வரவில்லை. பிறகு படமும் போனது.

ஃபோனைப் பறித்துக்கொண்டு மழையில் ஓடினேன். மச்சி பின்னாலேயே வந்தவள், வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

வளைவில் சிக்னல் பிடித்தபோது அவன் எழுதியது வந்தது. "உம்மாக்கு எல்லாம் சொல்லிட்டேன் மாமி. மனசு லேசாயிட்டு. இனிப் பேச ஏலாது, தொண்ட நோவுது. விடியக் கொண்டு போறாங்க."

ஒன்றும் கேட்கவில்லை மகன், ஒரு வார்த்தையாவது பதிந்து அனுப்பு என்று எழுதினேன். ஒரு டிக்தான் விழுந்தது. ஃபோனை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறான்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். துஆ ஓத வந்த மௌலவியிடம் அதன் பிறகுதான் இவர் கேட்டார்.

"பூட்டுறவர் வார நேரம் தங்கச்சி வேற அறையில இருந்தாப் போதுமே" என்றார் மௌலவி. "இப்படியான தேவைக்குப் பகல்ல வெளிய போகவும் ஏலும். மகன அஸருக்கு எடுக்கச் சொல்லி, வளைவுக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாம். ஏன் முந்தியே கேக்கல்ல?"

மௌலவி போன கையோடு இவர் வளைவுக்கு ஏறி ஹுஸ்னிக்கு ஃபோன் எடுத்தார்.

துஷாந்த் வந்து ஏரியலைப் பூட்டினார். மச்சி குசினியில் தேத்தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அன்று பின்னேரம் நப்லான் எடுத்தான். கழுத்தில் கட்டியிருந்த துணியின் நூல்கூடத் தெரிந்தது.

"சாப்புட்டியா மகன்?"

தலையாட்டினான்.

மச்சி தன் ஃபோனின் பக்கத்துப் பட்டனை அமத்தி, சத்தத்தைக் கடைசிவரை கூட்டினாள். அவனுக்குப் பின்னால் யாரோ வண்டில் தள்ளிப் போகும் சத்தம் துல்லியமாகக் கேட்டது.

அவன் கையசைத்து வைத்த பிறகு, அவள் பழைய மெசேஜ்களை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். எப்போதும் எடுத்துப் பேசுகிறவன் என்பதால் அவன் குரல் பதிந்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அமத்திக் காதில் வைத்தாள்.

"உம்மா, வேலையில நிக்கிறேன். பொறகு எடுக்கிறேன்."