சட்டையின் சூடு

மாலை நாலே காலுக்குச் சலவைக்கடையின் கடைசி இயந்திரம் நின்றது.

அது நின்றதும், வகுப்பு நடக்கும் மாடியில் தரையின் அதிர்வும் நின்றது. இன்னும் ஐந்து நிமிடத்தில் இஸ்திரி அக்கா படியேறி வந்துவிடுவாள். கவிஞர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"செத்த நேரம் உக்காரேன். கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் மனைவி. அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கவிஞர் என்பது அவள் வைத்த பெயர். பாதி பாசம், பாதி கிண்டல். அவர் பதினாறு வருடம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியவர். அவள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவள். இருவரும் ஒரு வருடம் விடுப்பு எடுத்தார்கள். எழுத்தறிவு அறக்கட்டளை ஒன்று நான்கு ஊர்களில் வகுப்பு எடுக்கச் சொன்னது. ஊருக்கு மாதம் ஒரு வாரம். வாரம் முடிந்தால் இரண்டு பைகள், ஒரு சுருட்டிய வரைபடம், அடுத்த ஊருக்குப் பேருந்து. மிஞ்சிய நேரத்தில் அவள் தபால் வழியில் எம்.ஏ. படித்தாள். அவர் கவிதை எழுதினார். பத்திரிகைகளுக்கு அனுப்பிய இருபத்திரண்டு கவிதைகளும் போன வேகத்தில் திரும்பி வந்தன.

இஸ்திரி அக்கா வந்தாள். ஐம்பது வயது. வலது முன்கையில் வரிவரியாகப் பழைய சூட்டுத் தழும்புகள். வாசலில் நின்றபடியே சுவரில் இருந்த அறிவிப்பை விரல் வைத்துப் படித்தாள். "செ...ருப்பை வெளி...யே விடவும்." பிறகு தன் காலைப் பார்த்தாள். "அடடே, இத்தனை மாசமா போட்டுக்கிட்டே வந்திருக்கேனே. ஒருத்தராவது சொன்னீங்களா?"

"நீங்களா படிக்கணும்னு இருந்தோம்" என்றாள் மனைவி.

"நல்லா இருந்தீங்க போங்க." செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். "டீச்சர், இன்னும் ஆறு பாடம்தானே? அது முடிஞ்சா என் மகன் லெட்டர் எல்லாத்தையும் நானே ஒரு தடவை படிக்கப் போறேன். முதல்ல இருந்து. ஒம்போதும்."

"கையெழுத்து படிக்கிறது கஷ்டங்க" என்றார் கவிஞர். "அச்சு வேற, கையெழுத்து வேற. அவசரப்படாதீங்க."

"அதுக்கென்ன, நான் கையால எழுதியே பயிற்சி தர்றேன்" என்றாள் மனைவி. "அடுத்த மாசம் பாருங்க, தண்ணி பட்ட பாடா படிப்பீங்க."

கவிஞர் மறுபடியும் ஜன்னலுக்குப் போனார்.

மகன் சிறையில் இருந்தான். அடிதடி வழக்கு, மூன்று வருடம். மாதம் ஒரு கடிதம் எழுத அனுமதி உண்டு. வகுப்பு தொடங்கிய முதல் வாரம், மனைவி மறு மூலையில் தையல்காரருக்கு 'ப' எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, இஸ்திரி அக்கா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து கவிஞரிடம் நீட்டினாள். "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார். கீழே கடைக்காரர் படிச்சா ஊருக்கே தெரிஞ்சுடும்."

நான்கு வரி இருந்தது. அம்மா, சோப்பு இரண்டு, பல்பொடி ஒன்று அனுப்பு. நீ வராதே. வந்தாலும் நான் வெளியே வர மாட்டேன். என்னை விட்டுவிடு.

சோப்பும் பல்பொடியும் வரை சரியாகப் படித்தார். பிறகு நிமிர்ந்தார். அவள் தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வருடம் அடுத்தவர் எழுத்தில் கை வைத்த பழக்கம். வாய் தானாகப் போய்விட்டது.

"நீ அலைய வேண்டாம். நீ தேய்ச்சுக் கொடுத்த சட்டையோட சூடு இன்னும் என் முதுகுல இருக்கும்மா."

அவள் அழவில்லை. "இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தார். மறு மாதமும் அதே கடிதத்தைக் கொண்டுவந்து இன்னொரு தடவை கேட்டாள். ஒரு சொல் மாறியதும் "அப்படி இல்லையே சார், 'இன்னும்'னு இருக்குமே" என்றாள். அன்றிலிருந்து அவர் கவிதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவைத்தார். எந்தக் கடிதத்துக்கு எந்த வரி. பிழைதிருத்தி அல்லவா, ஒரு எழுத்து மாறாமல் இருந்தது.

மனைவிக்கும் அந்த வரி தெரியும். அக்கா அதை எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். "பார்த்தியா?" என்றாள் மனைவி, பேருந்துக்குக் காத்திருந்தபோது. "பேனா பிடிக்கத் தெரியாத பையன். ஒரே வரி. நீ இருபத்திரண்டு எழுதியிருக்கியே, இப்படி ஒண்ணு இருக்கா?"

அவர் பேருந்து வருகிறதா என்று பார்த்தார்.

ஆகஸ்டில் அக்கா மகனைப் பார்க்கப் போனாள். அலைய வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று கேட்டாள். அரை நாள் பயணம். வாசலில் நான்கு மணி நேரம் நின்றாள். அவன் வெளியே வரவில்லை. "உடம்பு சரியில்ல போல சார். எழுந்து வர முடியல, பாவம்" என்றாள் திரும்பி வந்து. அடுத்த கடிதம் ஒரே வரி. ஏன் வந்தாய்? அதையும் அவர் வேறு மாதிரி படித்தார். நோட்டில் அதற்கு மூன்று வரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் வெறி பிடித்த மாதிரி படிக்க ஆரம்பித்தாள். அவனுக்குத் தன் கையால் பதில் எழுத வேண்டுமாம்.

ஆறு பாடம்தான் பாக்கி. கவிஞர் அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கடைசி மாதம் வேறு ஊர் கிடைத்தால் நல்லது என்று. காரணம் என்ற இடத்தில் 'உடல்நலம்' என்று போட்டார்.

பதில் மனைவி கையில் கிடைத்தது. பேருந்து ஊர் எல்லையைத் தாண்டும்வரை அவள் அதைப் பையிலேயே வைத்திருந்தாள். மடியில் பாடநூல் விரித்தபடி இருந்தது. பக்கம் திரும்பவில்லை.

"இடம் மாத்திக் கேட்டிருக்கீங்களாம்."

வழக்கமாக 'நீ'தான். கோபம் வந்தால் மட்டும் 'நீங்க'. கவிஞர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அந்த ஊர்லதான் பரீட்சை. மறந்துட்டீங்களா?"

"இல்ல."

"பின்ன உங்க உடம்புக்கு என்ன?"

சொன்னார். ஒன்று, இரண்டு என்று ஒன்பதும் சொன்னார். எதிரில் வந்த லாரிகளின் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்போ அந்தச் சட்டை?"

"என்னோடது."

அவள் சிரித்துவிட்டாள். "அடப்பாவி. பத்து மாசமா உன்னை அந்தப் பையனோட ஒப்பிட்டுத் திட்டிட்டு வர்றேன். கல்லு மாதிரி உக்காந்திருந்தியே." சிரிப்பு பாதியில் நின்றது. "அதை நம்பித்தானே அவங்க போனாங்க."

"ம்."

"நாலு மணி நேரம் நின்னாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கம்பி நீட்டப் பார்த்தீங்களா?"

இரண்டு நிறுத்தம் கழித்து அவள் பாடநூலை மூடினாள். "அவங்களா படிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. நான் பக்கத்துல இருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்."

மே மாதம் கடைசி வாரத்துக்கு அந்த ஊருக்கே போனார்கள். மனைவி காலையில் பரீட்சைக்குப் போனாள். கவிஞர் மதியமே சலவைக்கடைக்கு இறங்கினார். எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து பதினொரு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். பதினொன்றையும் திருத்தியிருந்தார்.

கடைக்குள் ஆவி நிறைந்திருந்தது. இஸ்திரி அக்கா வெள்ளைச் சட்டை ஒன்றின் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த லெட்டர்..."

"மூச்சு விடாதீங்க சார்!" அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஒரு வார்த்தைகூட நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது. படிக்கக் கத்துக்கிட்ட பிறகு இன்னும் நான் பிரிச்சே பார்க்கல. டீச்சர் வரட்டும், எல்லார் முன்னாடியும் நானே படிக்கிறேன். போங்க, போய் மேல உக்காருங்க. நிம்மதியா வேலை செய்ய விடுங்க."

"இல்லக்கா, அதுக்கு முன்னாடி..."

"போங்கன்னா!" சிரித்துக்கொண்டே ஈரத்துணியை அவர் பக்கம் உதறினாள். மடித்த சட்டைகளை வாங்க இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர் அவர்கள் போகட்டும் என்று நின்றார். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். மேலே போய்விட்டார்.

நாலே காலுக்கு இயந்திரம் நின்றது. மனைவி விரலில் மையோடு வந்து சேர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "சொல்லலையா?" என்றாள். சொல்லவில்லை என்பது போல் அவர் பையின் வாரைச் சுற்றினார்.

அக்கா செருப்பை வெளியே விட்டாள். முகம் கழுவி, தலை வாரியிருந்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதங்களை எடுத்துத் தேதிப்படி அடுக்கினாள். தையல்காரர் எழுதுவதை நிறுத்தினார். "ஆரம்பிங்க தாயி, நாங்களும் கேட்போம்" என்றார். கூடப் படிக்கும் கடைத்தெருக் காவலாளி பென்சிலைக் கைத்தடி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டார்.

அவள் முதல் கடிதத்தை எடுத்தாள். விரலை வைத்தாள். வாய்விட்டுப் படிக்கப் போனவள், உதடுகளை மட்டும் அசைத்தாள். சோப்பு வந்ததும் தலையாட்டினாள். விரல் மூன்றாவது வரிக்குப் போனது. நின்றது. மறுபடி முதலில் இருந்து வந்தது. அதே இடத்தில் நின்றது.

கவிஞர் எழுந்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. தன் மை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இரண்டாவது கடிதத்தை விரித்தாள். பிறகு மூன்றாவது. ஒற்றை வரி இருந்த கடிதத்தை வெகுநேரம் வைத்திருந்தாள். ஒன்பதையும் பாயில் பரப்பி, ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே விரலால் தேடினாள்.

தழும்பு ஏறிய கை முதல் கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டியது.

"சார், அந்தச் சட்டையைப் பத்தி எழுதியிருந்தானே, அது இதுல எங்க இருக்கு? எனக்குத்தான் இன்னும் சரியா படிக்க வரலையா?"