புள்ளி மூன்று

சுரங்கத்துக்குள் வெடித்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆறு பேர் இன்னும் கீழே.

சுரங்க அலுவலகத் திரை மீத்தேன் புள்ளி மூன்று சதவீதம் என்று காட்டியது. அவ்வளவுதான் என்றால் மறுபடி வெடிக்காது, இறங்கலாம். மீட்புக் குழுத் தலைவர் ராட்கோ பூட்ஸ் கயிற்றை இறுக்கினார்.

“வெடிக்கிறதுக்கு முன்னாடியும் இதே புள்ளி மூணுதான். அலாரமே அடிக்கல. கேஸ் இல்லைன்னா, கீழ வெடி வைக்கிற விதோயேதான் ஏடாகூடமா வெச்சிருக்கான்.”

“மொதல்ல அவர மேல கொண்டு வா,” என்றாள் கதவோரம் நின்ற ஸ்டானா, விதோயேயின் மனைவி. “அப்புறம் நானே வெளுக்குறேன்.”

அந்தத் திரையின் மென்பொருள் எங்கள் நிறுவனத்துடையது. மின்சாரம் வந்ததும் கணினியை இயக்கித் தர நானும் என் மேலதிகாரி லூபிஷாவும் வந்திருந்தோம். அத்தனை பெரிய வெடிப்புக்குப் பிறகும் எண் அசையாமல் இருந்தது எனக்கு உறுத்தியது. தொடக்கப் பதிவைத் திறந்தேன். மீத்தேன் அளவைத் திரைக்குத் தரும் செருகுநிரல் என்ற சிறு நிரல் இரண்டு முறை ஏறியிருந்தது. ஒன்று கீழே இருக்கும் அளவுக் கருவியைப் படிப்பது. மற்றது, கருவிக்குக் கம்பி இழுக்கும் முன்பே நிர்வாகத்துக்குத் திரையைக் காட்ட லூபிஷா எழுதிய போலி. எப்போதும் புள்ளி மூன்று சொல்லும்.

“அதான் பேர மாத்திட்டேனே,” என்று கிசுகிசுத்தார் லூபிஷா. “பின்னாடி ‘பழசு’ன்னு போட்டேன்.”

“பேர அது பாக்காது சார். ஃபோல்டர்ல இருக்கிற எல்லாத்தையும் திறந்து, உள்ள இருக்கிற அடையாளத்தப் படிக்கும். ரெண்டுக்கும் ஒரே அடையாளம். கடைசியா ஏறினது ஜெயிச்சிடும்.”

அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“வாயத் தொறக்காத. நைசா அழிச்சிட்டு திரும்ப ஏத்தலாம்.”

“அதுக்குள்ள இறங்கிடுவாங்க.”

மீட்புக் குழுவின் எட்டு பேரும் எழுந்து முதுகில் ஆக்சிஜன் உருளைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ராட்கோ மாமா, இறங்காதீங்க.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

“அட, பேசவே பேசாத நம்ம கன்னியாஸ்திரிக்கு வாய் இருக்கு!” என்றார் ராட்கோ. ஒருவன் சிரித்தான்.

“அந்த நம்பர் கீழேர்ந்து வரல. சும்மா காட்டுறதுக்காக நாங்க எழுதினது. கீழ எவ்வளவு கேஸ்னு யாருக்கும் தெரியாது.”

சிரிப்பு நின்றது. ராட்கோ உருளையைக் கழற்றித் தரையில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். ஸ்டானா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ இறங்க மாட்டாங்களா?”



“எப்போலேர்ந்து இப்படி?” என்று கேட்டார் ராட்கோ. “வெடிச்சு கரண்ட் போய் வந்ததுலேர்ந்தா?”

“ஆமா, அப்போதான்...” என்று தொடங்கினார் லூபிஷா.

நான் ஸ்டானாவைப் பார்த்தேன். அவள் பிடி தளரவில்லை.

“இல்ல. மார்ச்சுல கருவிய மாட்டின நாள்லேர்ந்து. அலாரமும் இந்த நம்பரத்தான் பாக்கும், அடிச்சிருக்கவே முடியாது.”