எடுக்காத பொட்டலம்

தர்மபுரிச் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் எதிரெதிரே இருவர் வந்தால், ஒருவர் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். போன வருஷம் பிளேக்கில் செத்தவர்களின் பாடைகளையும் சாய்த்துச் சாய்த்துத்தான் வெளியே கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகுதான் ஊர் போர்டு ஒரு யோசனை சொன்னது. ஓசூர் ரயில்பாதைக்கு அப்பால் மேட்டுக்காட்டில் எல்லோருக்கும் மனை. ஆனால் தெரு முழுக்க ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் கூடியது.

“அங்க காத்தும் வெளிச்சமும் கொட்டிக் கெடக்குதுங்க” என்றான் வண்டிக்காரப் பச்சியப்பன்.

“காத்தையே குடிச்சுட்டுப் படுத்துக்குவியா? தண்ணிக்கு எங்க போவ?” என்றாள் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள்.

“கெணறு வெட்டித் தர்றாங்களாமே.”

“வெட்டுவாங்க, வெட்டுவாங்க. உன் பேரன் கல்யாணத்துக்குத் தண்ணி வந்துரும்!”

சிரிப்பு எழுந்தது. மளிகைக் கடைத் தீர்த்தகிரிதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

அவர் மனைவி சாலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் நஞ்சம்மாள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற இருந்த உள்ளறையில் உச்சிவேளையிலும் விளக்கு வேண்டும். போன வருஷம் அந்தச் சுவருக்கு அடுத்த பக்கத்தில்தான் இரண்டு உயிர் போயிற்று. தை பிறப்பதற்குள் மேட்டுக்காட்டில் ஒரு கூரையாவது போட்டுவிட வேண்டும், மகளுக்கு அங்கேதான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

பேசிப் பேசித் தீராததால், கடைசியில் ஆத்தாளிடமே பூக் கேட்பதென்று ஆயிற்று. செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் இருக்க வேண்டும். அந்த வருஷம் கோயில் தர்மகர்த்தா தீர்த்தகிரி. இலையில் பூவை வைத்துக் கட்டியது அவர் கைதான்.

ஒரு சின்னப் பெண் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தார்கள். சிவப்பு.

“ஆத்தா சொல்லிட்டா!” என்று முதலில் கையெடுத்துக் கும்பிட்டவன் பச்சியப்பன்தான்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. தண்ணீரில் விட்டுவிட வேண்டும். கோயில் கூட்டுவது அந்த வாரம் சாலம்மாள் வீட்டு முறை. சாயங்காலம் அவள் அதைக் கையில் எடுத்தபோது, காய்ந்த இலை கிழிந்து பூ வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் சிவப்பு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். “ஏனுங்க, ரெண்டுலயும் ஒண்ணையே வெச்சுக் கட்டுனீங்களா?”

தீர்த்தகிரி முகம் வெளுத்தது. “மெதுவாப் பேசு. சந்தைக்கு வர்ற சனத்தை நம்பிக் கடை நடக்குது. மேட்டுக்காட்டுக்குப் போனா மண்ணையா திங்கறது?”

“நஞ்சாளுக்கு இந்த இருட்டுலயா?”

“நீ பெக்கலியா இதே இருட்டுல?”

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் புருஷனைத் தெரு காறித் துப்பும். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் தலைகாட்ட முடியாது. அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை.

மார்கழிக் கடைசியில் கடை மூட்டைகளுக்கு நடுவே எலிகள் செத்து விழுந்தன. தெருவே வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடியது. எங்கே? அதே மேட்டுக்காட்டுக்குத்தான். சோளத்தட்டில் குடிசை போட்டுக்கொண்டார்கள். நஞ்சம்மாள் வரும்போதே காய்ச்சலோடு வந்தாள். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. “இங்க நல்லாக் காத்து வருதும்மா” என்றாள். மறுநாள் பேச்சு நின்றது. வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

பங்குனியில் நோய் அடங்கியதும் எல்லோரும் மூட்டை கட்டினார்கள். அங்கேயே இருந்துவிட வேண்டுமென்று பலருக்கு ஆசை. ஆனாலும் ஆத்தாள் வாக்கை யார் மீறுவது? பச்சியப்பன் சாலம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

“அக்கா, ஆத்தா இருங்கன்னு சொன்ன பொறவும் எனக்கு இந்த மேட்டு மேலயே நெனப்பு. அந்தக் கோவத்தைத்தான் ஆத்தா நஞ்சா மேல காட்டிட்டா. என்னாலதான் புள்ள போச்சு. இனிமே நான் இந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்.”

அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். மறுபடியும் அதே தெருவுக்கு, அதே இருட்டுக்கு. சாலம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“பச்சியப்பா, அவளை எறங்கச் சொல்லு” என்றாள். “ஆத்தா ஒண்ணும் சொல்லல. ரெண்டு பொட்டலத்துலயும் செகப்புதான் இருந்துச்சு. கட்டுனது உங்க மாமா. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

கண்ணம்மாள் கையிலிருந்த சட்டி கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“அன்னிக்கே சொல்லியிருந்தா, அக்கா...” என்று ஆரம்பித்த பச்சியப்பன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மெல்ல எழுந்து போய், மனைவியின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக் கீழே இறக்கினான்.

ஒவ்வொருவராக மூட்டையை அவிழ்த்தார்கள். யாராவது வந்து தன்னை ஏசுவார்கள், கை ஓங்குவார்கள் என்று சாலம்மாள் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. எல்லோரும் அவளை விட்டு ஒதுங்கிச் சுற்றி நடந்து போய், அவரவர் மனைக்குக் கல் பொறுக்க ஆரம்பித்தார்கள்.