நீல வால் அணில்

1

இந்தக் கதை என் நாத்தனாரின் தொலைபேசி அழைப்பில் தொடங்கியது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். தொடங்கியது எங்கள் வீட்டுக் கூண்டில்.

எனக்குக் கதை பேச்சாகத்தான் காதில் விழும். முதலில் விழுந்தது என் வீட்டுக்காரரின் குரல்: "என் தங்கச்சி வீட்டுல எவ்வளவு மரம். அதுங்களுக்கு ராஜபோகம்."

தக்காளிச் செடியைக் கடித்து, ஜன்னல் வலையைக் கிழித்து, மெத்தைப் பஞ்சை உருவிய அணில்களை அப்படித்தான் ஒழித்தோம். கூண்டில் பிடிப்போம், அவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய்த் தங்கை வீட்டுப் பின்மதிலருகே, அவளுக்குத் தெரியாமல் திறந்துவிடுவார். திரும்பி வருகிறதா என்று பார்க்க, ஒன்றின் வாலில், வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டைத் தடவினேன்.

(முதல் பிரதியில் 'தடவினார்' என்றிருந்தது. கை என்னுடையது.)

அணில் என்பது நம் மனசாட்சியின்—

இல்லை. அது வெறும் அணில்.

2

நாத்தனாரை முதலில் வாயாடியாக்கிப் பார்த்தேன். எங்கள்மேல் பழி குறையுமே. அவள் அப்படியில்லை. விதைத்ததெல்லாம் போயிற்று, கொய்யாப் பிஞ்சுகூட மிஞ்சவில்லை என்று என்னிடம்தான் சொல்லி ஆறுவாள். நானும் அடப்பாவமே என்பேன். பிறகு ஒருநாள்:

"அண்ணி, ஒண்ணுக்கு வாலு நீலமா இருக்கு."

நான் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: "கண்ணாடிய மாத்திப் பாரேன்."

3

அவள் அதை மகனிடமும் சொல்லியிருக்கிறாள். அவன் சிரிக்கவில்லை. அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது, தனியே விடக்கூடாது, தோட்டத்தோடு வீட்டை விற்றுவிடலாம் என்கிறான். நாளை மருத்துவரிடம் கூட்டிப்போகிறான்.

முடிவு அ: மழையில் வால் வெளுத்து, எல்லோரும் மறந்து... வேண்டாம். இது என்னைக் காப்பாற்றும் முடிவு.

முடிவு ஆ: என் வீட்டுக்காரர் தங்கையிடம் ஒப்புக்கொள்கிறார். (கேட்டுப் பார்த்தேன். செய்தித்தாளை இறக்காமலே, "பெயின்ட் அடிச்சது நீதானே" என்றார்.)

4

இதை எழுதும்போதே அழைத்தாள். குரல் சிறுத்திருந்தது.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க அண்ணி, அதான் கேக்குறேன். எனக்கு நெஜமாவே ஏதாவது ஆயிடுச்சா?"

அடுப்பில் பால் பொங்குகிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பு எரியவேயில்லை.

"அது எங்க வீட்டு அணில்."

பாருங்கள், காகிதத்தில் எழுத வருகிறது. அதற்கு அவள் என்ன சொல்வாள் என்பதுதான் எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் ஒருமுறை சத்தமாகப் படியுங்களேன். எதிர்முனையில் ஏதாவது கேட்டால் எழுதிக்கொள்ளுங்கள். நான் ரிசீவரை எடுக்கிறேன்.