சூட்டில் விரியும் நிலம்

ஸ்காபரோவில் தவநேசனுடைய வீட்டு பேஸ்மென்ட்டில் மூன்று இளைஞர்கள் வயது ஏறாமல் இருந்தார்கள். சீலன், குகன், இருபத்து நான்கு வயதுத் தவநேசன். கனடாவுக்கு வந்த புதிதில் அவர்கள் வாடகைக்கு எடுத்த இடம் அது. பின்னாளில் தவநேசன் அந்த வீட்டையே வாங்கி மேலே குடியேறினார். கீழே இருந்தவர்கள் கீழேயே இருந்தார்கள்.

வளர்ந்த சீலன் ஒஸ்லோவில் இருந்தார். போன் எடுப்பதில்லை. வளர்ந்த குகன் இறந்துவிட்டார். கீழே இருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

தவநேசன் தினமும் கீழே போய் சீலனோடும் குகனோடும் கதைத்துவிட்டு வருவார். தன் இளவயதோடு மட்டும் அதிகம் பேசுவதில்லை. அவனுடைய அந்த மீசை அவருக்குப் பிடிக்கவில்லை.

பனிக்காலத்தில் பேஸ்மென்ட் நிலம் விறைத்துப்போகும். மூவரும் ஒரே மெத்தையில் நெருக்கியடித்துப் படுப்பார்கள். இருமல் மேலே வரை கேட்கும்.

"பாவங்கள். நிலத்துக்கு ஹீட்டிங் போட்டுக் குடுங்கோவன்," என்றாள் மனைவி சுகிர்தா.

வேலைக்கு வந்த கிருபைராஜா கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மூவரையும் பார்த்தார்.

"ஆக்களுக்கு மேலால குழாய் போடேலாது அண்ணை."

மூவரையும் மேலே கூட்டி வந்தார்கள். அவர்கள் சோபாவின் விளிம்பில் அமர்ந்தார்கள். சுகிர்தா புட்டும் மீன்குழம்பும் கொடுத்தாள். இளைய தவநேசன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

"அக்கா ஆர்?" என்று கேட்டான்.

"உம்மட மனிசி," என்றாள் அவள்.

"நான் இன்னும் கலியாணம் கட்டேல்லை," என்றான் அவன்.

சுகிர்தா உள்ளே போய்த் தலைவாரிக்கொண்டு வந்தாள்.

கீழே ஃபோம் பலகை விரித்தார்கள். அதன்மேல் கம்பி வலை. வலையில் குழாயை வளைத்து வளைத்துக் கட்டி, மேலே சீமெந்து ஊற்றினார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கிருபைராஜா குழாய்க்குள் சுடுதண்ணீரை விட்டார்.

"சூட்டிலை நிலம் கொஞ்சம் விரியும் அண்ணை."

"எவ்வளவுக்கு?"

"அது ஆக்களைப் பொறுத்தது."

மூவரும் கீழே இறங்கி வெறுங்காலோடு நடந்தார்கள். சிரித்தார்கள். குகன் நிலத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். அன்று யாரும் இருமவில்லை. யாரும் யாரோடும் ஒட்டிப் படுக்கவும் இல்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூலைகள் விலகத் தொடங்கின. முதல் வாரம் சீலனைக் கூப்பிடத் தவநேசன் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அடுத்த வாரம் குகனிடம் போய்வர அரை நாள் பிடித்தது. வழியில் தூண்கள் மட்டும் இருந்தன.

"எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார்.

"வசதி," என்றான் குகன். "சீலன் எங்கை?"

"அந்தப் பக்கம்."

"அவனை விசாரிச்சதாச் சொல்லு."

அதற்கடுத்த முறை தவநேசன் குகனைக் கண்டுபிடிக்கவில்லை. நிலம் எல்லாத் திசையிலும் இளஞ்சூடாக, வெறுமையாகக் கிடந்தது. ஒருமுறை இழந்த ஆளை மறுபடி இழக்க அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து, தண்ணீரைச் சூடாக்கும் பொயிலரை நிறுத்தினார். ஜன்னலையும் திறந்துவிட்டார்.

"விசரே உங்களுக்கு?" என்று மேலேயிருந்து சுகிர்தா கேட்டாள்.

"ஓம்," என்றார்.

நிலம் மெல்லக் குளிர்ந்தது. தூரத்தில் சுவர் ஒன்று தெரிந்தது. அவர் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது. சீலன் திட்டிக்கொண்டே வந்து பக்கத்தில் விழுந்தான். குகன் வந்து சீலனின் முதுகோடு ஒட்டினான். குகன் உடம்பு விறைத்து, உயிரோடு இருந்தது.

இளைய தவநேசன் கடைசியாக வந்தான். நின்று பார்த்தான்.

"அண்ணை, கொஞ்சம் தள்ளுங்கோ."

இடம் நிறைய இருந்தது. தவநேசன் தள்ளவில்லை. அவன் இடுக்கிலேயே நுழைந்து படுத்து, ஐஸ் போன்ற பாதங்களை அவர் காலின்மேல் வைத்தான்.

"உங்களுக்கு மீசை இல்லாதது வடிவில்லை," என்றான்.

"படு," என்றார் தவநேசன்.